டிவியில் வந்தது என் கை மட்டும்

திருப்பதியில் மாடித் தோட்டம் வைத்திருப்பவர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி விதை மாற்றிக்கொள்வார்கள். போன மாதக் கூட்டத்தில் என்னைப் பிடித்து மைக் முன்னால் நிறுத்திவிட்டார்கள். செல்போனில் தோட்ட வீடியோ போடுகிற ஹரிதா என்ற பெண் எழுந்து, “அங்கிள், பதினெட்டு வருஷம் டிவியில தோட்ட நிகழ்ச்சி செஞ்சீங்களே, அதனால வீட்ல செடி வெக்கிறவங்களுக்கு நெசமாவே ஏதாவது நல்லது நடந்துச்சா?” என்று கேட்டாள். கூட்டம் சிரித்தது. நானும் ஏதோ உளறிவிட்டு இறங்கினேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் சொல்ல வேண்டிய பதில் ஞாபகம் வந்தது. எனக்கு எப்போதுமே அப்படித்தான், பந்தி முடிந்த பிறகுதான் பசிக்கும். அதனால் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். நிகழ்ச்சியைச் செய்தது நான் இல்லை. நான் அதில் கையாக இருந்தேன். பட்டுப்புடவை கட்டிய தொகுப்பாளினி சிரித்துப் பேசுவார். மண்ணைக் கிளறும்போதும், ஒட்டுக் கட்டும்போதும், தொட்டி மாற்றும்போதும் கேமரா நெருங்கிப் போகும் இல்லையா, அங்கே தெரிகிற கைகள் என்னுடையவை. பதினெட்டு வருடத்தில் என் முகம் ஒருமுறைகூட வந்ததில்லை. என் மனைவி பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, “எங்க வீட்டுக்காரரு வந்துக்கினு இருக்காரு, பாருங்க” என்பாள். “எங்க, காணோமே?” என்று கேட்டால், “அதோ, மண்ணு ஒட்டிக்கினு இருக்குதே, அவருதான்” என்பாள்.

புத்தூர்ப் பக்கத்தில் விவசாயக் குடும்பம் எங்களுடையது. எல்லை பிரித்தபோது திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று, நாங்கள் ஆந்திராப் பக்கம் நின்றுவிட்டோம். “கோடு அவங்க போட்டது, கெணறு நாம வெட்டுனது” என்று சொல்லிவிட்டு நைனா ஏர் ஓட்டப் போய்விட்டார். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. பத்தாம் வகுப்பில் இரண்டுமே கைவிட்டதால் திருப்பதியில் ஒரு நர்சரியில் வேலைக்குச் சேர்ந்து மாங்கன்று ஒட்டக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்ட கதையில் சுவாரசியம் ஒன்றும் இல்லை. கத்தி வெட்டியது, கட்டுப் போட்டேன், மறுபடி வெட்டியது. இடது கட்டை விரல் நகம் அப்போது நடுவில் பிளந்ததுதான், இன்றுவரை ஒன்று சேரவில்லை.

திருப்பதியில் இருந்த உள்ளூர் சேனல் ஒன்று எங்கள் நர்சரியில் படம் எடுக்க வந்தது. நகத்துக்குச் சிவப்புப் பூசியிருந்த தொகுப்பாளினி ஒட்டுக் கத்தியைக் கரண்டி போலப் பிடித்தார். தயாரிப்பாளர் விமலா மேடம் என்னைப் பார்த்து, “உங்கள் கையைக் கொஞ்சம் தருகிறீர்களா?” என்றார். தந்தேன். புதன்கிழமை காலை பதினொரு மணிக்குத் தெலுங்கில் நிகழ்ச்சி. வாரத்தில் ஒரு நாள் படப்பிடிப்பு, மற்ற நாள் நர்சரி.

விமலா மேடத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சித்தூர்க்காரர். முன்பு பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர். பியூனைக்கூடப் பெயருக்குப் பின்னால் மரியாதைக்கு ‘காரு’ போட்டுத்தான் கூப்பிடுவார். நிகழ்ச்சியில் ஒரு யோசனை வர வேண்டும் என்றால் அதை ஓய்வுபெற்ற விவசாயப் பேராசிரியர் ஒருவர் படித்துக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அளவு வருகிற இடத்தில் எல்லாம் சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு. படப்பிடிப்பின்போது மர ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, காதால் மட்டும் கேட்பார். தொகுப்பாளினி வாய் தவறி “கொஞ்சம் உரம்” என்று சொல்லிவிட்டால் கண் திறக்கும். “கொஞ்சம் என்றால் எத்தனை கிராம் அம்மா?” என்பார் தெலுங்கில். குரல் உயராது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு வியர்த்துவிடும். மறுபடி எடுப்போம். அப்படிக் கேட்டுக் கேட்டுச் சலித்த வார்த்தைகள்தான் வெளியே போகும்.

ஆனால் வருகிற கடிதங்களைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஒருமுறை திருமலையில் ஊழியர் குடியிருப்பு வீடு ஒன்றின் தோட்டத்தை எடுக்கப் போனோம். மலைமேல் பூவெல்லாம் பெருமாளுக்குத்தான், பெண்கள் தலையில் வைப்பதில்லை. சென்னையிலிருந்து புதிதாக வந்திருந்த தொகுப்பாளினிக்கு அது தெரியாது. மல்லிகைப் பூவோடு பாதி பேசி முடித்த பிறகுதான் அந்த வீட்டம்மா பார்த்துப் பதறினார். பூவை எடுத்துவிட்டு மீதியை எடுத்தோம். அந்த வாரம் ஒரு கட்டுக் கடிதம் வந்தது. மண்புழு உரத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பாதியில் பூ எங்கே போயிற்று என்றுதான் அத்தனை பேரும் கேட்டிருந்தார்கள். ஜனங்கள் நம்மைக் கேட்பதில்லை, பார்க்கிறார்கள் என்று அன்றைக்கே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே உறைத்தது, சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டோம்.

நான் சேர்ந்த நான்காவது வருடம், தொட்டியில் எலுமிச்சை வளர்ப்பது பற்றி ஒரு நிகழ்ச்சி. யூரியா வைக்கிற இடம் வந்தது. பேப்பரில் ‘அரை டீஸ்பூன்’, அடியில் இரண்டு சிவப்புக் கோடு. தொகுப்பாளினி தெளிவாகச் சொல்லிவிட்டார். அடுத்தது என் முறை. அரை ஸ்பூன் எடுத்துக் காட்டினேன். கேமராமேன் கரீம் உதட்டைப் பிதுக்கினார். “வெயில்ல ஒண்ணுமே தெரியல முனிரத்னம். வெறும் ஸ்பூன் மாதிரி இருக்குது. கை நெறய எடு. பொலபொலன்னு வுழணும்.”

எடுத்தேன். பொலபொலவென்று விழுந்தது. கரீம் கட்டை விரலை உயர்த்தினார். கேமரா நின்றதும் நான் குனிந்து, காய்ந்த மண்மேல் கிடந்த யூரியாவை ஒரு மணிகூட விடாமல் அள்ளிப் பொட்டலத்தில் போட்டேன். இது எங்கள் வழக்கம்தான். காட்டுவதற்குப் போடுவோம், பிறகு அள்ளிவிடுவோம். செடிக்கு ஒரு கெடுதலும் வராது. மேடம் ஸ்டூலில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். காதில் விழுந்தது அரை ஸ்பூன்தான், அதனால் கண் திறக்கவில்லை.

இருபது நாள் கழித்து நகரியிலிருந்து தமிழில் ஒரு கடிதம் வந்தது. மேடத்துக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. நான்தான் படித்தேன்.

“டிவியில் வரும் கைக்கு நகரி தனலட்சுமி வணக்கம் சொல்லி எழுதுவது. பக்கத்து வீட்டு ருக்கு அக்கா நாலு நாள் திருமலைக்குப் போனார்கள். எலுமிச்சைக்குத் தண்ணி ஊற்றச் சொன்னார்கள். நான் நல்லது செய்வோம் என்று நீங்கள் போட்ட மாதிரியே கை நிறைய வெள்ளை உரம் போட்டேன். மரம் எல்லா இலையும் கொட்டிவிட்டது. அது அம்மனுக்கு வேண்டிக்கொண்ட மரம். நான் பொறாமையில் மருந்து வைத்தேன் என்று தெருவே சொல்கிறது. எனக்குச் சாட்சி கிடையாது. நீங்கள்தான் சாட்சி. கை ஒருமுறை வந்து சொல்லிவிட்டுப் போக வேண்டும்.”

சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. மேடம் சிவப்புக் கோடு போட்ட பேப்பரை எடுத்துத் தடவிப் பார்த்தார். “நாம் சொன்னது அரை ஸ்பூன், முனிரத்னம்காரு. இதோ இருக்கிறது. நீங்களே போங்கள். இந்தப் பேப்பரைக் காட்டி மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். மன்னிப்பு மட்டும் கேட்க வேண்டாம். கேட்டால் நாம் சொன்னதே தப்பு என்று ஆகிவிடும்.” பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த புதன்கிழமை நகரிக்கு பஸ் ஏறினேன். அந்தத் தெருவுக்குள் திரும்பியதுமே விசைத்தறிச் சத்தம் காதை அடைத்தது. தனலட்சுமிக்கு நாற்பது வயது இருக்கும், தலைமுடியெல்லாம் பஞ்சுத் துகள். என் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் புரியவில்லை. கையைப் பார்த்தாள், பிளந்த நகத்தைப் பார்த்தாள். “நீங்கதான்” என்று அவள் சொன்னதை உதட்டசைவில்தான் தெரிந்துகொண்டேன்.

உள்ளே நான்கு தறி ஓடிக்கொண்டிருந்தது. அலமாரியில் டிவி. உட்காரச் சொல்லிச் சைகை காட்டினாள். மணி பதினொன்று, எங்கள் நிகழ்ச்சி தொடங்கியது. சத்தத்தை முழுக்க வைத்தும் தொகுப்பாளினி வாயை வாயைத் திறந்து மூடினாரே தவிர ஒரு வார்த்தை கேட்கவில்லை. தனலட்சுமி அவரைக் கவனிக்கவே இல்லை. கத்தரி நாற்றைப் பிடுங்கி நடுகிற என் கைகள் வந்ததும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். மடியில் இருந்த அவள் விரல்களும் என் விரல்களோடு கூடவே அசைந்தன. நான் மண்ணை அழுத்தினால் அவளும் அழுத்தினாள்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. தெரு முழுக்க ஒரே நொடியில் தறிகள் நின்றன, டிவியும் நின்றது.

“இந்த நிகழ்ச்சிய என்னிக்காவது காதால கேட்டிருக்கியாம்மா?” என்றேன்.

“எப்டிண்ணா கேக்குறது? தறி ஓடுனா காது கேக்காது. தறி நின்னா கரண்ட்டு இல்லன்னு அர்த்தம், டிவி ஓடாது” என்று சிரித்தாள். “கேட்டாலும் அது பொஸ்தகத் தெலுங்கு. வார்த்த இன்னாத்துக்குண்ணா, கைதான் எல்லாத்தையும் சொல்லுதே. இந்தத் தெருவுல அத்தினி பேரும் அப்டித்தான் பாத்துக்கினு இருக்கோம்.”

மேடத்தின் சிவப்புக் கோடுகளும், பேராசிரியர் கையெழுத்தும், பத்து தடவை திருத்திச் சொன்ன அரை ஸ்பூனும் இந்தத் தெருவுக்குள் நுழைந்ததே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கரண்ட் போனால் தெருவில் எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். டிவிக்காரன் வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு ருக்குவும் வந்தாள். தனலட்சுமியைவிடப் பத்து வயது பெரியவள், மொட்டைத் தலையில் அரிசி உயரத்துக்கு முடி முளைத்திருந்தது. இரண்டு வீட்டுக்கும் பொதுச்சுவர். ருக்கு வீட்டில் தார் சுற்றுவார்கள், அதாவது தறிக்கு வேண்டிய நூலைச் சின்னக் குழல்களில் சுற்றுவது; அந்த நூலைத்தான் தனலட்சுமி வீட்டுத் தறியில் நெய்வார்கள். மரம் இலை கொட்டிய நாளிலிருந்து ருக்கு தார் கொடுப்பதை நிறுத்திவிட்டாள். தனலட்சுமி வேறு தெருவிலிருந்து சுமந்துகொண்டு வந்தாள்.

“முடியக் குடுத்துட்டு வந்தேன். வந்து பாத்தா மரமும் மொட்டயா நிக்குது” என்றாள் ருக்கு. சொன்னதில் சிரிப்பு இருந்தது, முகத்தில் இல்லை. பாதியாக வெட்டிய நீல டிரம்மில் அந்த எலுமிச்சை நின்றது. மகளுக்குப் பிரசவம் நல்லபடியாக முடிந்தால் தன் கையால் வளர்த்த மரத்துப் பழத்தில் அம்மனுக்கு மாலை போடுவதாக வேண்டிக்கொண்டாளாம். மூன்று வருடத்தில் முதல் காய்ப்பு. ஒன்பது பிஞ்சும் மண்ணில் சுருங்கிக் கிடந்தன.

“நீ டிவிக்காரன். பொய் சொல்ல மாட்டே. நீயே சொல்லு நைனா. டிவியில எத்தினி போடச் சொன்னாங்க?”

கேட்டது சொன்ன அளவைத்தான், காட்டிய அளவை இல்லை. எத்தனை போடச் சொன்னார்கள்? உண்மையான பதில் என் சட்டைப் பையிலேயே இருந்தது. அதை எடுத்துப் படித்தால் சேனலுக்குக் கெட்ட பெயர் இல்லை, எனக்கு வேலை போகாது, ஒரு பொய்யும் சொன்னதாக ஆகாது. தனலட்சுமி மட்டும் அந்தத் தெருவில் பொய்க்காரியாக, மரத்துக்கு மருந்து வைத்தவளாக, சாகும்வரை இருக்க வேண்டியதுதான். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. மறைக்கவில்லை.

“சொன்னது அர ஸ்பூன்மா” என்றேன். தெரு சலசலத்தது. “போட்டது கை நெறய. சொன்னது வேற ஆளு, போட்டது நான். டிவியில தெரியணும்னு போட்டேன். கேமரா நின்னதும் திரும்ப அள்ளிட்டேன். அள்ளுனத உங்களுக்குக் காட்டல. அந்தப் பொண்ணு நான் செஞ்சத அப்டியே செஞ்சுது. தப்பு என் கைமேல. மன்னிச்சிருங்க.”

பிறகு கூட்டத்தில் ஒரு பெரியவர், “போட்டதக் காட்டுனவன் அள்ளுனதையும் காட்டியிருக்கணும்ல? நல்ல ஆளுய்யா நீ” என்றார். தெரு சிரித்தது. எனக்கும் உயிர் வந்தது.

ருக்கு சிரிக்கவில்லை. “சரி, சாட்சி சொல்லிட்டே. மரத்துக்கு வழி சொல்லு” என்றாள்.

சொல்லவில்லை, செய்தேன். மேல்மண்ணை நான்கு விரல் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்தேன். டிரம் அடியில் அடைத்திருந்த ஓட்டைகளைக் குத்தித் திறந்தேன். உப்பெல்லாம் கரைந்து அடியில் ஓடுகிறவரை தண்ணீர் ஊற்ற வேண்டும். ருக்கு ஒரு குடம் கொண்டுவந்தாள், தனலட்சுமி ஒரு குடம் கொண்டுவந்தாள், மறுபடி ருக்கு. ஒருத்தி ஊற்றும்போது மற்றவள் வேறு பக்கம் பார்த்தாள். பதினாறு குடம் ஆயிற்று. அடித்தண்டை நகத்தால் கீறிப் பார்த்தேன், கொஞ்சம் பச்சை இருந்தது. “நாப்பது நாள்ல துளிர் வந்தா பொழச்சிக்கும்” என்றேன். “வரட்டும், அப்பறம் பேசிக்கலாம்” என்று ருக்கு உள்ளே போய்விட்டாள். தெரு நம்பிவிட்டது. நம்ப வேண்டியவள் என்ன நினைத்தாள் என்று எனக்குப் பிடிபடவில்லை.

திரும்பி வந்து மேடத்திடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். “மன்னிப்புக் கேட்டீர்களா?” என்றார். “கேட்டேன் மேடம்” என்றேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் எழுந்து எலுமிச்சை கேசட்டைத் தேடி எடுத்துப் போட்டார், சத்தத்தை அடியோடு குறைத்தார், கரீமையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். திரையில் ஒரு பெண் வாயசைத்தார். ஒரு கை யூரியாவை அள்ளிக் கொட்டியது. அடுத்த படத்தில் பச்சைப் பசேலென்று எலுமிச்சை காய்த்துத் தொங்கியது. கரீம் தலையைக் குனிந்துகொண்டார்.

மேடம் இன்னொரு முறை போட்டுப் பார்த்தார். “நான்கு வருடம் கண்ணை மூடிக்கொண்டே நிகழ்ச்சி பண்ணியிருக்கிறேன், முனிரத்னம்காரு” என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

அதற்குப் பிறகு எங்கள் வேலையே மாறிவிட்டது. படம் முடிந்ததும் மேடம் முதலில் சத்தமில்லாமல் பார்ப்பார். தப்பாகப் புரிய இடம் இருந்தால் மறுபடி எடுக்க வேண்டும். யூரியா காட்ட ஸ்பூனுக்குப் பின்னால் கறுப்புத் துணி பிடித்தோம், அரை ஸ்பூனும் பளிச்சென்று தெரிந்தது. இத்தனை எளிய வேலைக்கா அள்ளிக் கொட்டினோம் என்று கரீமே திட்டிக்கொண்டார். கை நிறைய எடுத்துக் காட்டி, விரலை ஆட்டி ‘கூடாது’ என்று சொல்லி, பொட்டலத்தில் திரும்பக் கொட்டி முடிச்சுப் போடுவது வரைக்கும் காட்டினோம். பத்து நாள் ஆகும் என்றால் பத்து விரலையும் விரிப்பேன். கூத்துக்காரன் மாதிரி ஆகிவிட்டேன் என்று மனைவி கிண்டல் செய்தாள்.

அடுத்த புதன்கிழமையே தவறைத் திருத்தி ஒளிபரப்பினோம். தொகுப்பாளினி வாயால் மன்னிப்புக் கேட்டார். “அது போதாது, கேட்காதவர்களும் இருக்கிறார்கள்” என்றார் மேடம். நான் கையை நன்றாகக் கழுவித் துடைத்து, கேமரா முன்னால் கூப்பினேன். கேமரா நகராமல் அப்படியே நின்றது.

ஹரிதாவுக்குப் பதில் இதுதான். பாகாலாவில் ஒரு பஸ் கண்டக்டர் எங்கள் நிகழ்ச்சியைப் பார்த்தே மா ஒட்டக் கற்றுக்கொண்டு ஒரே மரத்தில் மூன்று ஜாதி காய்க்க வைத்தார். ஒட்டுச் சீவுகிற சாய்வைப் புத்தகம் சொல்லிக்கொடுக்காது, டிவி சொல்லிக்கொடுக்கும். ஆனால் மூன்று மாத வேலையை மூன்று நிமிடத்தில் காட்டி, அள்ளியதை மறைத்தால், அதே டிவி மரத்தையும் கொல்லும், மனுஷங்களையும் பிரிக்கும். உன் வீடியோவை யாரோ பஸ்ஸில் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்க்கிறார்கள் அம்மா, அதை மட்டும் மறக்காதே.

ருக்குவின் மரம் பிழைக்கவில்லை. நாற்பதாம் நாள் போனபோது தண்டு தொட்டாலே ஒடிகிற அளவுக்கு உலர்ந்திருந்தது. எதிர்பார்த்துத்தான் நர்சரியிலிருந்து ஒட்டு எலுமிச்சைக் கன்று ஒன்றை மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோயிருந்தேன். டிரம்மில் புது மண் போட்டு நட்டேன். “வேர் புடிக்கட்டும், ரெண்டு மாசம் உரமே வேணாம்” என்றேன். ருக்கு தலையாட்டினாள். தனலட்சுமி தன் வாசலிலேயே நின்று பார்த்தாள், கிட்டே வரவில்லை. தார் இன்னமும் வேறு தெருவிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

இரண்டு மாதம் கழித்து, அளவு தப்பிவிடக் கூடாது என்று நானே யூரியாப் பொட்டலத்தோடு போனேன். கன்று முழங்கால் உயரம் வந்து தளதளவென்று இருந்தது. ஸ்பூனால் எடுத்துக் காட்டலாம் என்று குனிந்தேன். ருக்கு பொட்டலத்தை என் கையிலிருந்து வாங்கினாள். பக்கத்து வாசலைப் பார்த்து, “ஏய் தனம், இங்க வா” என்றாள்.

தனலட்சுமி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பயந்த முகம்.

“எனக்கு உள்ள தாரு சுத்துற வேல கெடக்குது, உன் தறிக்குத்தான்” என்றாள் ருக்கு. பொட்டலத்தை அவள் கையில் வைத்தாள். “இந்தா, நீயே போடு.”

சொல்லிவிட்டு உள்ளே போனாள். எவ்வளவு போடுகிறாள் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.